கியர்பாக்ஸ் ட்ரைன் போல்ட் மரை போயிருச்சு, ஆயில் ஒழுகுது. வீட்லயே சரி பண்ண முடியுமா?

ஈரோட்டு_சிட்டி:

வணக்கம்ங்க. வண்டி ஹோண்டா சிட்டி 2012 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். கொஞ்ச நாள் முன்னாடி வெளிய ஒரு ஒர்க்‌ஷாப்புல கியர்பாக்ஸ் ஆயில் மாத்திக் குடுத்தாங்க, அதுலருந்து காலைல வண்டிய எடுத்தா போர்ட்டிகோ டைல்ஸ்ல எண்ணெக் கறை. மொதல்ல இஞ்சின் ஆயிலோன்னு டிப்ஸ்டிக் எடுத்துப் பாத்தேன், அளவு அப்படியே இருக்கு, நெறமும் அது இல்ல, இது தெளிவா தேன் கலர்ல இருக்கு. டார்ச் அடிச்சுப் பாத்தா கியர்பாக்ஸ் அடிப்பக்கம் இருக்கற ட்ரைன் போல்ட்டச் சுத்தித்தான் ஈரம். சரி லூஸா இருக்கும்னு ரேட்சட் மாட்டி லேசாத் திருப்புனேன், சும்மா சுத்திக்கிட்டே இருக்குங்க, பிடிக்கவே இல்ல. கழட்டல, அப்படியே விட்டுட்டேன்.

அதே ஒர்க்‌ஷாப்புல கேட்டதுக்கு மரை போயிருச்சு, ஹவுசிங்கையே மாத்தணும், கியர்பாக்ஸ எறக்கணும்னு சொல்றாங்க, அவங்க சொன்ன தொகைய இங்க எழுதவே மனசு வரல. தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க, டெஃப்லான் டேப் சுத்துன்றாங்க, எம்சீல் வைன்றாங்க, ஹெலிகாயில்னு ஒண்ணு இருக்குன்றாங்க. என்கிட்ட பாக்ஸ் ஸ்பேனர் செட், ஒரு டார்க் ரெஞ்ச், ட்ரில்லிங் மெஷின், ஜாக்கி ஸ்டாண்ட் எல்லாம் இருக்கு, ப்ரேக் பேடு மாத்தறது, ஆயில் மாத்தறதெல்லாம் நானே பண்ணிக்குவேன். கியர்பாக்ஸ எறக்காம வீட்லயே இதச் சரி பண்ண வழி இருக்குங்களா? அது வரைக்கும் வண்டிய ஓட்டலாமா? வாரம் ஒருக்கா அப்பாவப் பெருந்துறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அதான் அவசரமாக் கேக்கறேன்.

சேலம்_பைபாஸ்:

ப்ரோ எனக்கும் பழைய வண்டில இதே மாதிரி ஆச்சு. போல்ட்டக் கழட்டி நல்லாத் தொடச்சுட்டு டெஃப்லான் டேப் நாலு சுத்து சுத்தி, மேல அனபாண்ட் பசை தடவி மாட்டி விட்டேன், ஒழுகல் கம்மியாயிருச்சு. செலவு நூறு ரூபாகூட ஆகல. ஹவுசிங் எல்லாம் மாத்தாதீங்க, அது வேண்டாத செலவு.

பட்டறை_அண்ணாச்சி:

தம்பி, ஹவுசிங் மாத்த வேண்டாம், அதுல சேலத்துத் தம்பி சொன்னது சரி. ஆனா டெஃப்லானும் அனபாண்டும் இந்த எடத்துக்கு வேண்டாம், ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நான் முப்பது வருசத்துக்கு மேல ஃபிட்டர் வேலை பாத்தவன், அலுமினிய ஹவுசிங்ல மரை போறது தெனமும் பாக்கற வேலை.

இந்த போல்ட்ல ஆயில நிறுத்துறது மரை இல்ல, வாஷர். போல்ட் தலைக்கும் ஹவுசிங் முகத்துக்கும் நடுவுல ஒரு அலுமினிய வாஷர் இருக்குல்லா, அத நசுக்கிப் பிடிச்சாத்தான் ஆயில் நிக்கும். மரையோட வேலை அந்த வாஷர நசுக்குற அளவுக்குப் போல்ட்ட இழுத்துப் பிடிக்கறது மட்டும்தான். பைப் மரை மாதிரி கூம்பா இருந்தா மரையே அடைக்கும், அங்க டெஃப்லான் சரி. இது நேர் மரை. இழுவை இல்லாத எடத்துல என்னத்தச் சுத்துனாலும் என்னத்தத் தடவுனாலும் வாஷர் நசுங்காது, ஒழுகல் கொறஞ்ச மாதிரித் தெரியும், வண்டி ஓடிச் சூடானா மறுபடி ஆரம்பிக்கும். அதவிடப் பெரிய பயம் போல்ட்டே ஒரு நாள் ரோட்டுல கழண்டு விழுறது. கியர்பாக்ஸ்ல இருக்கறதே ஒன்றரை லிட்டர் பக்கம்தான், அது போனா உள்ள பேரிங், கியர் எல்லாம் காஞ்சு போயிடும், அப்ப அந்த ஒர்க்‌ஷாப் சொன்ன தொகை செலவாகத்தான் செய்யும். டெஃப்லான் துணுக்கு உள்ள போனாலும் நல்லதில்ல. அதனால பெருந்துறைக்கு வேற வண்டில போங்க, இத நிறுத்திருங்க.

இப்ப வேலைக்கு வருவோம். ஹோண்டா மேனுவல் கியர்பாக்ஸ்ல ட்ரைன் போல்ட் எம்14, அதாவது விட்டம் 14 எம்எம், பிட்ச் 1.5, அதாவது மரைக்கு மரை இடைவெளி ஒன்றரை எம்எம், தலைல 3/8 அங்குல சதுரக் குழி இருக்கும், ரேட்சட் நேரா அதுக்குள்ள உக்காரும். கம்பெனி சொல்ற டார்க், அதாவது இறுக்கற முறுக்கு விசை, 39 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீளக் கைப்பிடில 13 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். இதே எடத்துல நீளக் கம்பியப் போட்டு ஒடம்ப வச்சு இழுத்தா அலுமினியம் தாங்குமா? பெரும்பாலும் நடக்கறது என்னன்னா பழைய வாஷரையே திரும்பப் போடுவாங்க, அது ஏற்கனவே நசுங்கிக் கட்டியாயிருக்கும், சொட்டும், சொட்டுதேன்னு இன்னும் டைட் வைப்பாங்க, மரை உருவிட்டு வரும். வாஷர் இருபது முப்பது ரூபா சாமான், ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும்.

மொதல்ல செய்ய வேண்டியது: ட்ரைன் போல்ட்டத் தொடுறதுக்கு முன்னாடி மேல ஆயில் ஊத்தற ஃபில்லர் போல்ட் கழறுதான்னு பாருங்க. அது எறுகியிருந்து, நீங்க கீழ ஆயில எறக்கிட்டீங்கன்னா திரும்ப ஊத்த வழியில்லாம வண்டி அப்படியே நிக்கும். மேல கழண்ட பெறவு கீழ போல்ட்டக் கழட்டி ஒரு சுத்தமான பேசின்ல ஆயிலப் பிடிங்க. கழட்டும்போது போல்ட்ட வெளிய இழுத்துக்கிட்டே திருப்பணும், இல்லன்னா சுத்திக்கிட்டேதான் இருக்கும், தலைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல ஒரு தட்டையான ஸ்க்ரூ டிரைவர லேசா நெம்பிக் குடுத்தா வரும், முகத்துல கீறல் விழாமப் பாத்துக்கோங்க, அந்த முகம்தான் வாஷர் உக்கார்ற எடம். போல்ட்ட எடுத்துட்டு அதுல என்ன ஒட்டியிருக்கு, ஓட்டைல எத்தன மரை மிச்சம் இருக்கு, எந்த ஆழத்துல இருக்குன்னு பாத்து எழுதுங்க. அதப் பொறுத்துத்தான் மத்தது.

ஈரோட்டு_சிட்டி:

ரொம்ப நன்றிங்ணா. வாஷர்தான் ஆயில நிறுத்துதுங்கறது எனக்கு இது வரைக்கும் தெரியாது, மரைதான்னு நெனச்சுட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை கழட்டிப் பாத்துட்டு எழுதறேன்.

தாம்பரம்_சேகரிப்பு:

அண்ணாச்சி சொன்னதோட நான் ஒண்ணு சேக்கறேன். ஜாக்கி ஸ்டாண்ட் இருக்குன்னு சொன்னீங்க, நல்லது, ரெண்டு பக்கமும் போடுங்க, பின் சக்கரத்துக்குக் கட்டை வைங்க. வெறும் ஜாக்கில நிக்கற வண்டிக்கு அடில தலைய விடாதீங்க, எவ்வளவு சின்ன வேலையா இருந்தாலும். டைல்ஸ் போட்ட போர்ட்டிகோல ஸ்டாண்ட் வழுக்கும், அடில பிளைவுட் துண்டு போடுங்க.

ஓவர்சைஸ் ப்ளக்னு ஆன்லைன்ல விக்கறாங்க, அதுவே மரை வெட்டிக்கிட்டு உள்ள போற மாதிரி பக்கவாட்டுல பள்ளம் இருக்கும். இஞ்சின் ஆயில் சம்ப்புக்குப் பலபேர் போடறாங்க, ஆனா அலுமினியத்துல அது நேரா உள்ள போகாது, கொஞ்சம் சாஞ்சாக்கூட வாஷர் ஒரு பக்கம்தான் உக்காரும். கியர்பாக்ஸுக்கு நான் போட மாட்டேன்.

ஈரோட்டு_சிட்டி:

கழட்டிட்டேங்க. ஃபில்லர் போல்ட் மொதல்ல கழண்டுச்சு, அது சுலபமா வந்துருச்சு. ட்ரைன் போல்ட் அண்ணாச்சி சொன்ன மாதிரி நெம்பிக் குடுத்துத்தான் வந்துச்சு. போல்ட் மரையோட பள்ளத்துல அலுமினியம் சுருளா அப்படியே சுத்திக்கிட்டு வந்திருக்கு, நகத்தால இழுத்தா மெல்லிசா நீளமா உரியுது, அதோட ஒரு ஓரம் பளபளன்னு புதுசா வெட்டுன மாதிரி, இன்னொரு ஓரம் கறுப்பா இருக்கு. போல்ட் மரை நல்லாவே இருக்கு, நுனில காந்தத்துல கறுப்புப் பசை மாதிரி இரும்புத்தூள் கொஞ்சம். வாஷர் பாத்தா ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து கண்ணாடி மாதிரி மின்னுது, புதுசு போட்ட மாதிரி தெரியல.

வெர்னியர்ல போல்ட் 13.8 வந்துச்சு, பிட்ச் கேஜ் 1.5 சரியா உக்காந்துச்சு. ஓட்டைல முகத்துல இருந்து முக்கால்வாசி ஆழம் வழவழன்னு இருக்கு, கடைசில மட்டும் ரெண்டு மூணு மரை முழுசா தெரியுது. அதுக்கு எட்டற மாதிரி நீளமான எம்14 போல்ட் ஒண்ணு வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சுருமாங்க? ட்ரில்லே போட வேண்டாமே?

பட்டறை_அண்ணாச்சி:

தம்பி நல்லாப் பாத்திருக்கீங்க, அளவும் சரியா இருக்கு. போல்ட்டுக்கு 13.8 வர்றது சரிதான், எம்14 வெளி மரை எப்பவும் 14க்குக் கொஞ்சம் கொறவாத்தான் அளக்கும்.

நீளப் போல்ட் யோசனை எல்லா எடத்துலயும் தப்பில்ல, ஓட்டை அடி மூடியிருந்து உள்ள ஆழமா நல்ல மரை இருந்தா மொதல்ல அதத்தான் நான் செய்வேன். ஆனா இந்த ஓட்டை உள்பக்கம் தொறந்தது, நேரா கியர்பாக்ஸுக்குள்ள போகுது. ரெண்டு மூணு மரைல 39 நியூட்டன் மீட்டர் குடுத்தா அதுவும் உருவிரும். அதோட அந்த வட்டாரத்துலதான் டிஃபரன்ஷியல் பெரிய கியர் சுத்துது, போல்ட் நுனி நீட்டிக்கிட்டு உள்ள போயி அதுல உரசுனா மரைய விடப் பெரிய சேதம். வேண்டாம்.

அப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஹெலிகாயில், அதாவது ஓட்டையப் பெருசா வெட்டி உள்ள ஸ்டீல் கம்பிச் சுருள் போட்டு அதையே புது மரையாக்கறது. இன்னொண்ணு எம்16 மரை வெட்டி எம்16 பிட்ச் 1.5 ட்ரைன் போல்ட் போடறது. இதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. எம்14 பிட்ச் 1.5 ஹெலிகாயிலுக்குப் போடற டேப் (ஒட்டற டேப் இல்ல, மரை வெட்டற கருவி) சாதா எம்14 டேப் இல்ல, கம்பிச் சுருள் உக்கார எடம் வேணும்ல, அதனால அதோட வெளி விட்டம் 15.95 வரும். எம்16 பிட்ச் 1.5 டேப்புக்கும் அதுக்கும் மயிரிழை வித்தியாசம்தான், ரெண்டுக்கும் ட்ரில் 14.5 பக்கம். அதாவது எந்த வழில போனாலும் ஹவுசிங்ல இருந்து நீங்க எடுக்கற அலுமினியம் ஒரே அளவு. அதனால எது கம்மியா வெட்டுது, எது சேஃப்னு கொழம்ப வேண்டாம், எது கெடைக்குது, பின்னாடி யாரு கழட்டப் போறாங்கன்னு பாத்து முடிவு பண்ணலாம். எம்16 போல்ட் எளிசு, உள்ள விழுறதுக்கு ஒண்ணும் இல்ல, காந்தம் வச்ச எம்16 போல்ட்டும் ஸ்பேர் கடைங்கள்ல கெடைக்கும். ஆனா மரை மறுபடியும் அலுமினியம்தான், இன்னொரு தடவை யாராவது கம்பி போட்டு இழுத்தா மறுபடி போயிடும், அதுக்கப்புறம் வெட்ட எடம் இருக்காது. ஹெலிகாயில்னா உள்ள ஸ்டீல் மரை, கம்பெனி போல்ட்டே திரும்பப் போடலாம், எத்தன தடவை கழட்டி மாட்டுனாலும் தாங்கும். நல்லாப் போட்டா பழைய மரைய விடப் பலம். நான் ஹெலிகாயில்தான் சொல்லுவேன்.

எதுக்கும் முன்னாடி ஓட்டையச் சுத்தி இருக்கற தடிமன அளங்க. 16 எம்எம் ஓட்டை போன பெறவு சுத்திலும் நாலஞ்சு எம்எம் அலுமினியமாவது மிஞ்சணும். விரிசல் இருந்தா இந்த வேலை எதுவும் செய்யக் கூடாது, ஆர்கான் வெல்டிங் வச்சு அடைச்சு லேத்துல மறுபடி வெட்டணும், அது எறக்கித்தான் பண்ண முடியும்.

தாம்பரம்_சேகரிப்பு:

கிட் வாங்கறப்ப ஓட்டை ஆழத்த அளந்துட்டுப் போங்க. எம்14க்குச் சுருள் 14 எம்எம் நீளத்துலயும் வரும், 21 எம்எம் நீளத்துலயும் வரும். ஓட்டை ஆழத்துக்குள்ள அடங்கணும், உள்ள நீட்டக் கூடாது. பெரிய டூல்ஸ் கடைங்கள்ல தனித்தனியாவே கெடைக்கும், சென்னைல நான் பாரிமுனை பக்கம் வாங்குவேன், ஈரோட்டுல இல்லன்னா கோயம்புத்தூர்ல கண்டிப்பா இருக்கும். டேப், போடற கருவி, சுருள் மூணும் ஒரே அளவு ஒரே பிட்ச்சான்னு பாக்கெட்டப் பாத்து வாங்குங்க, எம்14 பிட்ச் 1.25 ஸ்பார்க் ப்ளக் கிட்டையும் இதே மாதிரி டப்பாலதான் வச்சிருப்பாங்க, கடைக்காரர் அதத்தான் மொதல்ல எடுத்துக் குடுப்பார்.

ஈரோட்டு_சிட்டி:

சுத்தியும் ஆறு எம்எம்முக்கு மேல மிஞ்சுதுங்க, விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியல. சிப்காட்ல லேத் வச்சிருக்கற ஃப்ரெண்டுகிட்ட எம்14 பிட்ச் 1.5 கிட் இருக்கு, குடுத்துட்டான். 14.5 பிட் என் ட்ரில்லிங் மெஷின்ல மாட்டலங்க, சக் 10 எம்எம் வரைக்கும்தான் பிடிக்குது. ஃப்ரெண்டு பெரிய மெஷின் தர்றேங்கறான். அப்பறம் முக்கியமான கேள்வி, ட்ரில் போட்டா தூள் எல்லாம் கியர்பாக்ஸுக்குள்ள போயிடாதுங்களா? காந்தம் பிடிச்சுக்குமா?

பட்டறை_அண்ணாச்சி:

பெரிய மெஷின் வேண்டவே வேண்டாம் தம்பி. மெஷின்ல அடிச்சா பிட் மரைய லபக்குன்னு பிடிச்சு இழுத்துக்கிட்டு உள்ள போயிடும், ஓட்டை முட்டை வடிவத்துல ஆயிடும், பின்னாடி கியரும் அடி வாங்கும். உங்க ஓட்டை மரை உருவி ஏற்கனவே கிட்டத்தட்ட 14 எம்எம் ஆயிடுச்சு, எடுக்க வேண்டியது பக்கத்துக்குக் கால் எம்எம்தான், உள்ள இருக்கற ரெண்டு மூணு மரைல மட்டும் கொஞ்சம் கூட. அந்தப் பிட்டயே டேப் ஹேண்டில்ல இறுக்கிக் கையால வலது பக்கமா மெதுவா சுத்துங்க, அலுமினியம் வெண்ணெ மாதிரி வெட்டும். பிட்ல ஓட்டை ஆழத்துக்குக் கொஞ்சம் மேல இன்சுலேஷன் டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கோங்க, அதுக்கு மேல போகக் கூடாது.

காந்தம் அலுமினியத்தப் பிடிக்காது, அத நம்பாதீங்க. பிட்டோட பள்ளத்துலயும் டேப்போட பள்ளத்துலயும் கிரீஸ நல்லா அப்பிருங்க, வெட்டற தூள் அத்தனையும் கிரீஸ்ல ஒட்டிக்கும். ரெண்டு சுத்துக்கு ஒருதரம் வெளிய எடுங்க, துணில தொடைங்க, புதுக் கிரீஸ் வைங்க, மறுபடி. இதுல அவசரப்பட்டா வேலை கெட்டுச்சு. வெட்டறப்ப ஃபில்லர் ஓட்டைய மூடி வைங்க. எல்லாம் முடிஞ்ச பெறவு ஓட்டை மரைய மண்ணெண்ணெயில நனைச்ச பஞ்சால தொடச்சு, மேல ஃபில்லர் வழியா அரை லிட்டர் புது ஆயில ஊத்திக் கீழ தொறந்தே விடுங்க, உள்ள எதாச்சும் போயிருந்தா அதோட கழுவிக்கிட்டு வந்திரும். வடிஞ்ச ஆயில வெள்ளைத் துணில ஊத்திப் பாருங்க, மினுமினுன்னு துணுக்குத் தெரிஞ்சா இன்னொரு தடவை ஊத்துங்க. அந்த ஆயில் வீணாப் போனாப் போகுது, தயங்காதீங்க.

டேப் வைக்கறப்ப நேரா உக்காருதான்னுதான் மொத்த வேலையும் இருக்கு. மொதல் ரெண்டு சுத்துல சாஞ்சா அப்பறம் நிமித்தவே முடியாது. சின்ன மூலைமட்டத்த ஹவுசிங் முகத்துல வச்சு ரெண்டு பக்கத்துல இருந்தும் பாருங்க, பக்கத்துல ஒரு ஆள நிப்பாட்டுங்க, படுத்துக்கிட்டு வேலை செய்யும்போது நம்ம கண்ணுக்கு நேராத் தெரியறது நேரா இருக்காது. அரைச் சுத்து முன்னாடி போனா கால் சுத்து பின்னாடி வாங்க, தூள் ஒடிஞ்சு விழும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெ நல்ல எண்ணெ, கெடைக்கலன்னா டபிள்யூடி-40 அடிங்க. தீக்குச்சி, பீடி கிட்ட வராமப் பாத்துக்கோங்க.

அப்பறம் இன்னொண்ணு, இதப் பலபேரு விட்டுருவாங்க. சில கிட்டோட ஒரு கவுண்டர்சிங்க் பிட் இருக்கும், ஓட்டை வாயச் சரிவா வெட்டறதுக்கு. அதப் போடாதீங்க, பிசிற மட்டும் கத்தி முனையால எடுத்தாப் போதும். ஓட்டை இப்ப 16 ஆயிடுச்சு, வாஷரோட வெளி விளிம்பு 20 சொச்சம்தான், நடுவுல இருக்கற ரெண்டு எம்எம் வளையத்துலதான் ஆயில் நிக்கணும். அதையும் சரிச்சு விட்டுட்டா வாஷர் எதுல உக்காரும்? அதே காரணத்துக்காகத்தான் சுருள முகத்துக்குக் கீழ அரைச் சுத்தாவது உள்ள எறக்கணும், மேல தட்டுனா வாஷர் அதுல முட்டி நிக்கும்.

தாம்பரம்_சேகரிப்பு:

சுருளோட வால் விஷயத்த மறக்காதீங்க. சுருள் அடில குறுக்கா ஒரு சின்ன வால் இருக்கும், போடற கருவி அதப் பிடிச்சுத்தான் சுத்தி உள்ள எறக்கும். எறங்கின பெறவு அத ஒடிக்கணும். அடி மூடின ஓட்டைன்னா குச்சி வச்சு ஒரு தட்டு தட்டினா ஒடிஞ்சு அங்கயே கெடக்கும், எடுத்துடலாம். இங்க ஓட்டை தொறந்தது, தட்டினா நேரா கியருக்கு நடுவுல போயிடும். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் சரியாப் பிடிக்காது, வெளிய எடுக்க முடியாது. நீளமூக்குக் கொறடால வால இறுக்கிப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, வெட்டுக் குறி போட்ட எடத்துல ஒடிஞ்சு கொறடாவோட வந்துரும். வால் கைக்கு வந்துச்சான்னு கண்ணால பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. வால் இல்லாத சுருளும் விக்கறாங்க, ஆனா அதுக்குக் கருவி வேற.

சுருளுக்கு வெளிப்பக்க மரை வழியாக் கூட ஆயில் கசியும், கம்பிச் சுருள்தான, முழு அடைப்பு இல்ல. அதனால சுருள் போடறப்ப வெளிப்பக்கம் மெல்லிசா லாக்டைட் 577 மாதிரி மரை சீலண்ட் தடவுனா நல்லது. சுத்தமா எண்ணெப் பிசுக்கு இல்லாம அசிட்டோன்ல தொடச்சாத்தான் பிடிக்கும். உள்பக்க மரைல படக் கூடாது.

சேலம்_பைபாஸ்:

அண்ணாச்சி, தாம்பரம் அண்ணா, நான் டெஃப்லான் சொன்னது வெளிய தெரியற ஒழுகலுக்குத்தான். நீங்க சொன்ன விளக்கம் நல்லா இருக்கு, என் வண்டியையும் கழட்டிப் பாக்கறேன். ஒரு சந்தேகம், ட்ரைன் ஓட்டையவே எப்பாக்ஸி போட்டு நிரந்தரமா அடைச்சுட்டு, ஆயில் மாத்தறப்ப மேல ஃபில்லர் வழியா சிரிஞ்சு பம்ப் விட்டு உறிஞ்சி எடுத்தா என்ன? ரொம்பப் பழைய வண்டிக்குச் சிலர் அப்படிச் செய்றாங்களே.

பட்டறை_அண்ணாச்சி:

செய்றாங்க தம்பி, நாலு மாசத்துல விக்கப்போற வண்டின்னா செய்வாங்க. எப்பாக்ஸி எண்ணெ ஊறின அலுமினியத்துல பிடிக்கறதே கஷ்டம், சூடானா அலுமினியமும் எப்பாக்ஸியும் வேற வேற அளவுல விரியும், ஆறினா சுருங்கும், அந்த இழுபறில ஒட்டு விட்டுப் போகும். காந்தமும் போயிடும், அடில தங்கற கசடும் பம்ப்ல வராது. அப்பாவக் கூட்டிட்டுப் போற வண்டிக்கு அது சரிப்படாது.

ஈரோட்டு_சிட்டி:

வேலை முடிஞ்சுதுங்க! எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நடந்ததச் சொல்றேன், அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்.

கையால பிட்டு சுத்தறது நான் நெனச்சத விட சுலபமா இருந்துச்சு, சத்தமே இல்லாம கிரீஸ்ல வெள்ளித் துணுக்கு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, கடைசில இருந்த நல்ல மரைகிட்ட வந்தப்பதான் கை கொஞ்சம் கனத்துச்சு. டேப்புக்குத் தம்பிய மூலைமட்டத்தோட பக்கத்துல படுக்கச் சொல்லி, அவன் சரிங்கற வரைக்கும் அடுத்த சுத்துப் போடல. அண்ணாச்சி சொன்ன மாதிரி அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, பின்னாடி வர்றப்ப க்ளிக்னு தூள் ஒடியறது கைக்கே தெரியுது. வெட்டி முடிச்சுட்டுத் தொடச்சுப் பாத்தா மரை பளிச்சுன்னு இருந்துச்சு. கழுவறதுக்கு விட்ட ஆயில வெள்ளை வேட்டித் துணில ஊத்திப் பாத்தோம், மொதல் தடவை ரெண்டு துணுக்கு மின்னுச்சு, மறுபடி விட்டோம், ஒண்ணும் இல்ல.

சுருள் முகத்துக்குக் கீழ எறக்கி, வால கொறடால பிடிச்சு ஆட்டுனேன், ஒடிஞ்சு வந்துருச்சு, வால இப்பவும் டப்பால போட்டு வச்சிருக்கேன். சீலண்ட் காயட்டும்னு ஒரு ராத்திரி விட்டுட்டேன். புது வாஷர், பழைய கம்பெனி போல்ட்டு, டார்க் ரெஞ்ச் 39ல வச்சேன், கடைசி வரைக்கும் கெட்டியாப் பிடிச்சுது, க்ளிக் ஆனதும் நிறுத்திட்டேன். ஆயிலு ஹோண்டாவோட மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில், எம்டிஎஃப்தான் ஊத்துனேன். நாலு பக்கமும் வண்டிய சமமாத் தூக்கி வச்சுட்டு ஃபில்லர் ஓட்டைல வழியற வரைக்கும் ஊத்தி மூடிட்டேன், அதுக்கும் புது வாஷர்.

பவானி வரைக்கும் ஓட்டிட்டு வந்து சூட்டோட பாத்தேன், காஞ்சிருக்கு. அடுத்த நாள் காலைல டைல்ஸும் காஞ்சிருக்கு.

பட்டறை_அண்ணாச்சி:

ரொம்ப சந்தோசம் தம்பி. இன்னும் ஒரு வேலை பாக்கி. போல்ட்டச் சுத்தி நல்லாத் தொடச்சுட்டு முகத்துக்குப் போடற பவுடர லேசாத் தூவி விடுங்க, ஒரு வாரம் ஓட்டிட்டுப் பாருங்க. கசிவு இருந்தா பவுடர் ஈரமாகி நெறம் மாறி எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரிஞ்சிரும். கையால தடவிப் பாக்கறத விட இது நிச்சயம். டார்க் ரெஞ்ச மறுபடி வச்சு இறுக்கிப் பாக்க வேண்டாம், காஞ்சிருந்தா விட்டுருங்க.

சர்வீஸ் புக்குல ‘ட்ரைன் போல்ட்டுக்கு ஹெலிகாயில் போட்டிருக்கு, எம்14 பிட்ச் 1.5, 39 நியூட்டன் மீட்டர், வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு’ன்னு எழுதி வைங்க. அடுத்து வெளில ஆயில் மாத்துனா அத மெக்கானிக்கிட்ட காட்டிட்டுப் பக்கத்துலயே நில்லுங்க.

மதுரை_ஐ10:

எல்லாத்தையும் படிச்சேன், அருமையா எழுதிருக்கீங்க. என்னோடது ஹூண்டாய் ஐ10, அதே பிரச்சினை, கியர்பாக்ஸ் ட்ரைன் போல்ட்டு சுத்துது. நானும் அதே எம்14 பிட்ச் 1.5 கிட் ஆர்டர் போட்டுறவா?

தாம்பரம்_சேகரிப்பு:

போடாதீங்க, இந்த அளவு ஹோண்டாவுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி போல்ட் விட்டம், பிட்ச், டார்க் எல்லாம் மாறும், ஊத்தற ஆயிலும் வேற, ஹோண்டாவுக்கு எம்டிஎஃப் ஊத்துனத உங்க வண்டிக்கு ஊத்தக் கூடாது, மேனுவல்ல என்ன கிரேடு போட்டிருக்கோ அது. மொதல்ல ஃபில்லர் போல்ட் கழறுதான்னு பாருங்க, ட்ரைன் போல்ட்ட எடுத்து வெர்னியர்லயும் பிட்ச் கேஜ்லயும் அளங்க, ஓட்டை உள்ள தொறந்திருக்கா மூடியிருக்கான்னு கம்பி விட்டுப் பாருங்க, சுத்தி எவ்வளவு தடிமன் இருக்குன்னும் எழுதுங்க. தனிப் பதிவாவே போடுங்க, போட்டோவோட, நாங்க பாக்கறோம்.